உயிர் காக்கும் ஊசியும் செவிப்புலனும்

சயரோகம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே குடும்பங்கள் கலங்கிய காலம் ஒன்று இருந்தது. நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு ஆகியவையே அன்றைய சிகிச்சையின் பெரும்பகுதி. அந்நிலையை மாற்றியது ஸ்ரெப்ரோமைசின் என்னும் ஊசிமருந்து. 1943ஆம் ஆண்டில், அமெரிக்காவின் றட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில், அல்பேட் சற்ஸ் என்ற மாணவர் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தார்.

பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை 107 நோயாளரிடத்து இம்மருந்தைச் சோதித்து, 1948இல் முடிவை வெளியிட்டது. ஓய்வு மட்டும் பெற்ற 52 பேருள் 14 பேர் ஆறு மாதத்தினுள் இறந்தனர். ஊசியும் பெற்ற 55 பேருள் இறந்தவர் நால்வரே. எனினும், ஊசி பெற்றவருட் பலர் தலைச்சுற்றலால் வருந்தினர் என்பதையும் அச்சபை மறைக்கவில்லை.

இத்தகைய மருந்துகளால் வரும் தீங்குகள் இருவகைப்படும். முதலாவது ஒவ்வாமை. மருந்தைப் பகையெனக் கொண்டு உடலே கிளர்ந்தெழுவது இது. எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் 1948இல் ஸ்கொத்லாந்து வைத்தியசாலையொன்றில் இம்மருந்தைப் பெற்றார். அவருடைய தோல் சிவந்து உரிந்தது; வாயிற் புண்கள் தோன்றின; முடி உதிர்ந்தது. ஏறத்தாழ ஐம்பது நாட்களில் மருந்து நிறுத்தப்பட்டது. எஞ்சியதைப் பெற்ற வேறு இருவர் நலமடைந்தனர். ஓர்வெலோ 1950இல் அந்நோயினாலேயே காலமானார். ஒருவருக்கு ஒவ்வாதது மற்றொருவருக்கு உயிர் தந்தது.

இரண்டாவது, மருந்தின் இயல்பான நச்சுத்தன்மை. இது ஸ்ரெப்ரோமைசினுக்கு மட்டுமன்றி, அதன் இனத்தைச் சேர்ந்த ஜென்ரமைசின், அமிக்காசின் ஆகியவற்றுக்கும் பொதுவானது. நமது உட்செவியில் ஒலியையும் உடலின் சமநிலையையும் உணரும் நுண்ணிய மயிர்க்கலங்கள் உள்ளன. மருந்து இரத்தத்தை விட்டு நீங்கிய பின்னரும் உட்செவியில் நெடுநாள் தங்கி அக்கலங்களை அழிக்கக்கூடும். அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் மறைவது மிகக் கூர்மையான ஒலிகளே. ஆதலால் பிறருடன் உரையாடும்போது குறை தெரியாது. தெரியவரும் வேளையில் காலம் கடந்திருக்கும்.

இம்மருந்தை உடலினின்று வெளியேற்றுவன சிறுநீரகங்கள். அவை நலிந்திருந்தால் மருந்து உடலிலே தேங்கும். தேங்கிய மருந்து சிறுநீரகங்களை மேலும் வருத்தும். எனவே முதியோருக்கும் சிறுநீரக நோயாளருக்கும் ஆபத்து அதிகம். கருவுற்ற தாய் பெறும் ஸ்ரெப்ரோமைசின் கருவிலுள்ள குழந்தையின் செவியையும் தாக்கவல்லது. சில குடும்பங்களில் தாய்வழியாக வரும் மரபுக்கூறு ஒன்றினால், சிறிதளவு மருந்தே செவிட்டை விளைவிப்பதும் உண்டு.

ஆயின் ஊசியை மறுத்துவிடலாமா? கூடாது. சயரோகத்துக்கு இன்று மாத்திரைகளே முதன்மை பெற்றுள்ளன என்பது உண்மை. எனினும், பச்சிளங் குழந்தையின் இரத்தத்திற் கிருமி பரவும்போது ஜென்ரமைசின் இன்றும் உயிர் காக்கின்றது. அளவும் நாட்களும் கணித்து, இரத்தத்தையும் செவிப்புலனையும் சோதித்து, மருத்துவர் அதனை வழங்குகின்றனர்.

நோயாளியின் கடமையும் ஒன்றுண்டு. சிறுநீரக நோய், கர்ப்பம், முன்னர் ஏற்பட்ட ஒவ்வாமை, தாய்வழி உறவினரின் செவிட்டுத்தன்மை ஆகியவற்றை ஊசி ஏற்றுமுன்னரே கூறிவிட வேண்டும். ஊசி பெறும் நாட்களிலும் அதன் பின்னரும் காதில் இரைச்சல், இருளில் நடக்கையில் தள்ளாட்டம், சிறுநீர் குறைதல், தோலில் தடிப்பு ஆகியவற்றுள் எது தோன்றினும் அன்றே அறிவிக்க வேண்டும். முகமோ தொண்டையோ வீங்கினால், மூச்சுத் திணறினால், ஒரு கணமும் தாமதித்தலாகாது.

நம்மிடையே மருத்துவரிடம் பேசக் கூசுவோர் பலர். "சிறு இரைச்சல்தானே, பெரியவரை ஏன் தொந்தரவு செய்வது?" என்று அடங்கியிருப்பர். அந்த இரைச்சலைக் கேட்பவர் நோயாளி ஒருவரே. அவர் வாய் திறவாவிடின் மருத்துவர் அதனை அறிய வழியில்லை. ஆகவே நேயர்களே, கூச்சத்தை விட்டுக் காலத்தே சொல்லுங்கள். உயிரைக் காக்க வந்த மருந்து செவியைக் கொண்டுபோகாதிருக்க அச்சொல் உதவும்.