மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா சட்டப்படி சரி? ஓசூர் காட்டோரம் தெரிந்துகொள்ள வேண்டியவை

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் மான் வேட்டை வழக்கு என்று செய்தி வந்தால், பறிமுதல் பட்டியலில் அடிக்கடி வரும் பெயர்கள் மூன்று: நாட்டுத் துப்பாக்கி, கரிமருந்து, பால்ரஸ் குண்டு. ‘அப்போ லைசென்ஸ் துப்பாக்கி, கம்பெனி தோட்டான்னா ஓகேவா?’ என்று கேட்டால், பதில் ‘இல்லை’ என்பதுதான். ஆனால், ஒரு காலத்தில் இதற்கென்றே விதி இருந்தது.

1991 வரை என்ன விதி?

1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், தொடக்கத்தில் உரிமம் பெற்று வேட்டையாட இடம் கொடுத்தது. புள்ளிமான், கடமான் போன்றவற்றை ரைஃபிளால்தான் சுட வேண்டும் என்றது பிரிவு 17. ஷாட்கன் என்றால் உரிமத்தில் தனி அனுமதி வேண்டும். அதிலும் ஒற்றைக் குண்டுத் தோட்டா மட்டுமே. சிதறிப் பாயும் சில்லுக் குண்டுகள் பட்ட மான் உடனே சாகாமல், காயத்தோடு ஓடிப்போய் எங்கோ துடித்துச் சாகும். இரவில் சுடுவது, தண்ணீர் குடிக்கும் இடத்தில் சுடுவது, வண்டியில் துரத்திச் சுடுவது எல்லாமே அப்போதே தடைதான்.

பிறகு என்ன மாறியது?

1991-ம் ஆண்டின் திருத்தம் உரிம வேட்டையை ஒழித்தது. பிரிவு 17-ம் நீக்கப்பட்டது. கலிஃபோர்னியாவில் மான் வேட்டைக்கு அனுமதி உண்டு. 2019 ஜூலை முதல் ஈயத் தோட்டாவுக்கு மட்டும் தடை. இங்கே எந்தத் தோட்டாவுக்கும் அனுமதி இல்லை. சுட முயல்வதும், கண்ணி வைப்பதும்கூட ‘வேட்டை’தான்.

மான் வந்து ராகியை மேய்ந்தால்?

பயிர்ப் பாதுகாப்புக்காக, குழல் வழியே மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர ஆயுதச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால், அது மானைச் சுடுவதற்கான உரிமம் அல்ல. அதற்கு வனத்துறையின் எழுத்துபூர்வ உத்தரவு வேண்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த திட்டம் காட்டுப்பன்றிக்கு மட்டும்தான். அதிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர்தான் சுடுவார்கள், விவசாயி அல்ல.

தண்டனை எவ்வளவு?

உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தாலே, 2019 திருத்தத்தின்படி 2 முதல் 5 ஆண்டுகள் சிறை. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் சுமார் 504 சதுர கி.மீ. பரப்புள்ள காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-ல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் சிறை. எல்லை தாண்டிக் கர்நாடகாவுக்குள் போனாலும் இதே மத்தியச் சட்டம்தான்.

கறி மட்டும் வாங்கினால்?

வார இறுதியில் பைக்கில் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வேட்டையாடப்பட்ட மானின் கறி அரசின் சொத்து. ‘ஒரு கிலோதான் வாங்கினேன், நான் சுடலையே’ என்ற சமாதானம் எடுபடாது. அனுமதியின்றி வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டியும் போய்விடும்.

தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் இருந்தால்?

உரிமம் தாத்தாவோடு முடிந்துவிட்டது. வாரிசுக்குத் தனி உரிமம் வேண்டும். வேண்டாம் என்றால், சோதனை வரும்வரை காத்திருக்காமல் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொள்வதுதான் நல்லது.