ஆறாம் தரத்து வயிற்றுவலி

"சாமி, இவனுக்குப் படிப்பு ஏறுதில்லை. கொழும்புக் கடைக்கு அனுப்பிவிடவா?" பூனாகலைப் பக்கம் மண்சரிவில் லயத்தை இழந்து, தற்காலிக இருப்பிடத்தில் வாழ்ந்த ஒரு தாய் நம்மிடம் கேட்டார். ஐந்தாம் தரம்வரை நன்றாகப் படித்தவன், ஆறாம் தரம் சென்றதும் காலைதோறும் வயிற்றுவலி என்கிறானாம்.

பையனுடன் அமர்ந்து பேசினோம். தோட்டப் பாடசாலையில் ஒரே ஆசிரியை. அவருக்கு அவன் லயமும் தெரியும், தம்பி பெயரும் தெரியும். புதிய பாடசாலையிலோ மணி அடிக்க அடிக்க ஆசிரியர் மாறுகிறார். நேரசூசி விளங்காமல் எல்லாப் புத்தகங்களையும் சுமந்து மலையேறுகிறான். வகுப்பில் அவன் பெயர் 'கேம்ப் பையன்'. வீட்டிலோ 'பெயில்'.

'பெயில்' என்பது தவறு. புலமைப்பரிசில் பரீட்சையின் மொத்தப் புள்ளி 200. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிக்கும் ஏற்ப மாறும். உதவிப்பணத்துக்கும் பெரிய பாடசாலைகளின் இடங்களுக்கும் ஆள் தெரிவதே அதன் வேலை. அதற்குக் கீழே பெற்ற பிள்ளையும் ஆறாம் தரத்துக்கு உரியவனே. 2016 முதல் 16 வயதுவரை பாடசாலைக் கல்வி கட்டாயமுமாகும். சித்தியடைந்தவர்களுக்கு மட்டும் மாலை போட்டு, மற்றப் பிள்ளைகளைக் கை தட்ட வைத்த குற்றம் நமக்கும் உண்டு.

இடம்பெயர்ந்த பிள்ளைக்கு வீடும் பாடசாலையும் ஒன்றாக மாறுகின்றன. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் உயிர் தப்பினார்கள். பின்னர் பூனாகலை தமிழ் மகா வித்தியாலயத்திலேயே மக்கள் தஞ்சமடைந்தார்கள். படிக்கும் இடமே படுக்கும் இடமான நாட்களைக் கண்ட பிள்ளைகளுக்கு, படிப்பில் மனம் ஊன்றக் காலம் வேண்டும். சோம்பல் என்று பெயர் வைக்க நாம் அவசரப்படுகிறோம்.

அந்தத் தாய் அரைப்பேர் போனாலும் போகட்டும் என்று வகுப்பாசிரியரைப் போய்க் கண்டார். நேரசூசியை எழுதி வாங்கிவந்து சுவரில் ஒட்டினார். பக்கத்து இரு வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து மூவராக அனுப்பினார். எழுத்து அதிகம் தெரியாத தகப்பனார் மாலையில், "இன்றைக்குப் படித்ததை எனக்குச் சொல்லித் தா" என்று கேட்கத் தொடங்கினார். புள்ளியைக் கேட்பதில்லை.

வயிற்றுவலி உடனே நிற்கவில்லை. ஒரு தவணை சென்றது. பின்னர் ஒரு மாலை, இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்று தகப்பனாருக்கு அவன் விளக்கிக்கொண்டிருந்ததைக் கண்டோம். இருபது வருடம் கொழுந்து சுமந்தவர் அதை வாய் மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.