கறியா, காயா? நூறாண்டுக்கு முன் குன்னூர் சொன்ன பதில்

நீலகிரி மலையில் ஒரே குளிரைத் தாங்கி, வெவ்வேறு உணவை உண்டு வாழ்ந்த மக்கள் பலர். தோடர்கள் எருமைப் பாலையும் மோரையும் நெய்யையும் நம்பி, பெரும்பாலும் புலால் உண்ணாமல் வாழ்ந்தவர்கள். படகர் வீடுகளில் கேழ்வரகும் சாமையும் அவரையும் அன்றாட உணவு. விசேஷ நாளில் ஆட்டுக்கறி. குறும்பரும் இருளரும் காட்டுக் கிழங்கு, கீரை, தேன் இவற்றோடு கறியும் மீனும் சேர்த்துக்கொண்டவர்கள். தேயிலை வந்த பிறகு சமவெளியிலிருந்தும், 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் அரிசிச் சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு என்று தங்கள் சமையலைக் கொண்டுவந்தார்கள்.

இதில் எது நல்ல உணவு? அசைவம் உடலுக்குக் கேடு என்று ஒரு தரப்பும், கறி இல்லாவிட்டால் வலு இல்லை என்று மறுதரப்பும் வாதிடுகின்றன. இந்தக் கேள்வியைச் சோதனைக்கு உட்படுத்திய ஆய்வகம் ஒன்று இதே மலையில், குன்னூரில் இருந்தது. அது கண்டதை இன்றைய மருத்துவ அறிவோடு சேர்த்துப் பார்த்தால், நம் தட்டைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வியே வேறு என்பது தெரியும்.

ஓர் அறையில் தொடங்கிய ஆய்வு

குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-இல் வெறிநாய்க்கடிக்கு மருந்து தருவதற்காகத் தொடங்கப்பட்டது. அங்கே 1918-இல் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராயும் பணியை ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் ஆரம்பித்தார். தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களை வாட்டிய நோய் அது. தவிட்டோடு போய்விடும் தயமின் என்ற வைட்டமின் குறைவதால் கால் மரத்து, வீங்கி, இதயம் தளர்ந்துபோகும். அந்தச் சிறிய முயற்சி 1928-இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறிய அந்தக் கூடம்தான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இந்தியர் என்ன உண்ண வேண்டும் என்று இன்று வழிகாட்டும் நிறுவனத்தின் வேர் குன்னூரில் இருக்கிறது.

எலிகளுக்குப் பரிமாறிய சாப்பாடு

இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை மெக்காரிசன் தனித்தனி எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். சீக்கியர் உணவு உண்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. அவற்றின் சராசரி எடை 235 கிராம். தீட்டிய அரிசியை மையமாகக் கொண்ட, பால் மிகக் குறைந்த சென்னை மாகாண உணவை உண்ட எலிகள் கடைசி இடத்தில், 155 கிராமில் நின்றன.

சீக்கியர் உணவு என்று அவர் கொடுத்தது முழுக் கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி, பால், வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் இறைச்சி. வேறொரு சோதனையில் இங்கிலாந்தின் ஏழைகள் உணவைக் கொடுத்தார்: வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட தேநீர், வேகவைத்த காய்கறி, டப்பாவில் அடைத்த மலிவு இறைச்சி, ஜாம். அந்த எலிகள் வளர்ச்சி குன்றின. நுரையீரல் நோயும் குடல் நோயும் கண்டன. ஒன்றையொன்று கடித்துக் கொல்லவும் தொடங்கின.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நன்றாக வளர்ந்த எலிகளும் இறைச்சி தின்றன. நோயுற்ற எலிகளும் இறைச்சி தின்றன. இரண்டையும் பிரித்தவை தவிடு நீங்காத தானியம், பயறு, பச்சைக் காய், பால் ஆகியவை. எலிக்குப் பொருந்துவதெல்லாம் மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. ஆனால் மெக்காரிசனுக்குப் பின் அந்தக் கூடத்தை நடத்திய டபிள்யூ. ஆர். அய்க்ராய்டும் அவரது குழுவினரும் 1930-களில் தென்னிந்திய விடுதிப் பிள்ளைகளுக்குத் தினமும் கொழுப்பு நீக்கிய பால் கொடுத்துப் பார்த்தபோது, உயரமும் எடையும் கூடின. மனிதரிடமும் பாடம் அதே திசையில்தான் இருந்தது.

குளிருக்குக் கறி கட்டாயமா?

மலைக்குளிருக்குக் கறி தின்றால்தான் தாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். உடல் சூடு எந்த உணவின் கலோரியிலிருந்தும் கிடைக்கும். நெய்யும் மோரும் சோறுமாகத் தோடர்கள் இதே குளிரில் தலைமுறைகளாக வாழ்ந்திருக்கிறார்கள். குளிரில் உடலுழைப்பு மிகும் தொழிலாளிக்குக் கலோரி கூடுதலாக வேண்டும், புரதமும் வேண்டும். அவை பருப்பிலிருந்து வரலாம், பாலிலிருந்து வரலாம், முட்டையிலிருந்தோ மீனிலிருந்தோ கறியிலிருந்தோ வரலாம். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் குறைவதை அரிசி ஈடுகட்டுகிறது. சாம்பார் சாதமும் பயறுக் கஞ்சியும் அதனால்தான் நல்ல புரத உணவுகள்.

அசைவ மாநிலத்தில் ஏன் இவ்வளவு ரத்தசோகை?

தமிழ்நாட்டில் மிகப் பெரும்பாலோர் அசைவம் உண்பவர்கள். ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழகப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. நாடு முழுக்கப் பார்த்தால் நூற்றுக்கு 57 பேர். அசைவம் உண்பவர் என்ற பெயர் மட்டும் ரத்தத்தைக் காப்பாற்றுவதில்லை.

காரணங்கள் தெளிவானவை. கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறது. வந்தாலும் பெரும் பங்கு ஆண்கள் தட்டுக்கும் பிள்ளைகள் தட்டுக்கும் போய், சமைத்தவளுக்குக் குழம்பு மிஞ்சுகிறது. மற்ற ஆறு நாளும் வெள்ளை அரிசியும் நீர்த்த குழம்பும்தான். மாதவிடாய், பிரசவம், கொக்கிப்புழு இவற்றால் இழக்கும் ரத்தமும் இதோடு சேர்கிறது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்பவர்களின் பாதம் வழியாக நுழையும் கொக்கிப்புழு தோட்டப் பகுதிகளின் பழைய பகை. செருப்பும் கழிப்பறையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மாத்திரையும் உணவளவுக்கே முக்கியம்.

கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறும் பெண்ணுக்கு மூச்சு வாங்குவதை உழைப்பின் களைப்பு என்று எல்லோரும் கடந்துபோகிறார்கள். அது ரத்தசோகையாக இருக்கலாம். ஹீமோகுளோபின் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம்

தேயிலை விளையும் மலையில் இதைச் சொல்லியாக வேண்டும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் குறைவாகவே உறிஞ்சும். கறியிலும் ஈரலிலும் மீனிலும் உள்ள ஹீம் இரும்பைக் கூடுதலாக உறிஞ்சும். சாப்பிடும்போதே தேநீர் குடித்தால், அதிலுள்ள பாலிபீனால்கள் தாவர இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு, உடலில் சேரும் அளவைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடலாம்.

தேநீரை விட வேண்டியதில்லை. நேரத்தை மாற்றினால் போதும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடியுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா என வைட்டமின் சி உள்ள ஒன்றைச் சேருங்கள். அது தாவர இரும்பை உடலில் சேர்க்க உதவும். காலையில் சர்க்கரைத் தேநீரும் வர்க்கியும் மட்டும் உண்டு வேலைக்குப் போகும் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். மைதா, கொழுப்பு, சர்க்கரைத் தேநீர் என்ற அந்தச் சேர்க்கை, மெக்காரிசன் எலிகளை நோயில் தள்ளிய உணவை மிகவும் ஒத்திருக்கிறது.

எல்லா ரத்தசோகைக்கும் இரும்பு மருந்தல்ல

நீலகிரிப் பழங்குடியினரிடையே, ரத்தசோகையை உண்டாக்கும் அரிவாள் செல் மரபணு இருப்பதை 1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இந்தியாவில் அந்த நோயைப் பற்றிய தொடக்ககால ஆராய்ச்சிகளில் இதுவும் ஒன்று. இந்த ரத்தசோகை பிறவியில் வருவது. எதை உண்டாலும் அது மாறாது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் ஆபத்தும் உண்டு. எனவே பழங்குடிக் குடும்பங்களில் ரத்தசோகை தெரிந்தால், மாத்திரையைத் தாங்களாக வாங்கி விழுங்காமல், அரிவாள் செல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 2023-இல் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தின் கீழ் இந்தப் பரிசோதனை செய்யப்படுகிறது.

சைவ உணவில் விடுபடும் ஒன்று

நன்கு திட்டமிட்ட சைவ உணவு நலமான உணவு. காய், பழம், பயறு, கொட்டைகள் மிகுந்த உணவு உண்பவர்களுக்கு இதய நோய் குறைவு என்று நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. ஒரு நாளைக்கு வேண்டியது இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல்தான். ஒரு தம்ளர் பாலில் அதில் ஏறக்குறைய பாதி கிடைக்கும். பாலும் முட்டையும் உண்ணும் சைவர்கள் அளவோடு எடுத்துக்கொண்டால் சமாளிக்கலாம். பாலையும் துறந்த வீகன் உணவுக்காரர்கள் பி12 மாத்திரையோ, பி12 செறிவூட்டிய உணவோ எடுத்தே ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

கை கால் மரத்தல், நாக்கு எரிச்சல், மறதி, நடையில் தடுமாற்றம் இவை பி12 குறைவின் அறிகுறிகள். நாள்பட விட்டால் நரம்புச் சேதம் நிரந்தரமாகும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் உண்பவர்களுக்கும் பி12 குறையலாம். அவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் பரிசோதிக்க வேண்டும்.

சைவம் என்பதே நலத்துக்குச் சான்றும் ஆகாது. வெள்ளைச் சோற்றைக் குவித்து, அப்பளமும் ஊறுகாயும் இனிப்புமாக உண்டு, பயறும் காயும் பெயருக்கு வைத்துக்கொள்ளும் தட்டு சர்க்கரை நோயைத்தான் கூட்டும்.

அசைவத்தில் எதைக் குறைப்பது?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் சாசேஜ், பேக்கன், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதியான முதல் பிரிவில் வைத்தது. தினமும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்றது. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி போன்ற சிவப்பு இறைச்சியை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற அடுத்த பிரிவில் வைத்தது. 2019-இல் ஈட்-லான்செட் என்ற உணவு ஆய்வுக் குழு சிவப்பு இறைச்சிக்குப் பரிந்துரைத்த அளவு நாளுக்கு 14 கிராம். அதாவது வாரத்துக்குச் சுமார் 100 கிராம்.

கருவாடு மலைச் சந்தைகளில் எளிதாகக் கிடைக்கும் புரதம், கால்சியமும் தரும். உப்புதான் அதன் குறை. நன்றாக ஊறவைத்துக் கழுவி, குழம்பில் உப்பைக் குறைத்துப் போடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அரிதாகவே உண்ண வேண்டும். ஈரலில் இரும்பும் பி12-உம் மிகுதி. கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவரைக் கேட்டு உண்பது நல்லது. காட்டு விலங்கின் இறைச்சி வேண்டவே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவும் நோய்களுக்கும் வழி.

அறம் யார் பக்கம்?

உயிரைக் கொன்று உண்ணலாமா என்ற கேள்வி தமிழுக்குப் புதிதல்ல. புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார் வள்ளுவர். ஊன் சோறும் கள்ளும் படைத்து விருந்தோம்பியதைப் பெருமையாகச் சொல்வன சங்கப் பாடல்கள். இரண்டும் நம் மரபுதான்.

என் நிலையைச் சொல்கிறேன். உயிரின் வலி உண்மையானது. ஆறு வாரத்தில் வெட்டுவதற்காக, நடக்கவும் இடமில்லாமல் அடைத்து வளர்க்கும் பிராய்லர் கோழியின் வாழ்வை, விலை மலிவு என்பதற்காக நாம் மறந்துவிடக் கூடாது. இறைச்சியைக் குறைப்பது அந்த வகையில் நல்ல அறம். ஆனால் தாவர உணவும் குற்றமற்றது அல்ல. நீலகிரியின் புல்வெளிகளையும் சோலைகளையும் அழித்துத்தான் தேயிலையும் உருளைக்கிழங்கும் வந்தன. சீகை மரமும் யூகலிப்டசும் புல்வெளியை மூடியபோது தோடர்களின் எருமைகள் மேய்ச்சல் இழந்தன. கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் தெளிக்கும் பூச்சிமருந்து ஓடைகளில் இறங்குகிறது. முதலில் அதைச் சுவாசிப்பவர் கூலித் தொழிலாளி.

இன்னொன்றும் உண்டு. உண்ணும் உணவை வைத்து ஒரு சமூகத்தைத் தாழ்வாகப் பார்ப்பது அறத்தின் பெயரில் நடக்கும் அநீதி. பள்ளிச் சத்துணவில் தமிழக அரசு முட்டை தருகிறது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறது. எவரையும் கட்டாயப்படுத்தாமல், எவருக்கும் மறுக்காமல் இருக்கும் அந்த ஏற்பாடே நாகரிகமானது.

தட்டை எப்படி நிரப்புவது?

* தானியத்தில் பாதியாவது கேழ்வரகு, சாமை, தீட்டாத அரிசியாக இருக்கட்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. பாலைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு.
* பருப்போ பயறோ தினமும் வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் பருப்பு, முட்டை, இறைச்சி மூன்றும் சேர்த்து நாளுக்கு 85 கிராம். காய்கறி 400 கிராம்.
* மலையில் விளையும் கேரட், பீன்ஸ், கோசு, கீரையை விற்றுவிட்டு வெறுஞ்சோறு உண்ணாதீர்கள். வீட்டுக்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள்.
* பால், தயிர், மோர் தினமும் இருக்கட்டும்.
* அசைவம் உண்பவர்கள் வாரத்துக்குச் சில முட்டை, ஒன்றிரண்டு முறை மீன் அல்லது கோழி, அளவாக ஆட்டுக்கறி என்று வைத்துக்கொள்ளலாம். பதப்படுத்திய இறைச்சியைத் தவிருங்கள்.
* கறி சமைக்கும் நாளில் அதைச் சமைத்த பெண்ணுக்கும் வளரிளம் மகளுக்கும் சமபங்கு கொடுங்கள்.

கறி உண்பதும் உண்ணாததும் உங்கள் மனச்சாட்சியின் முடிவு. உண்பவர் அளவைக் காக்க வேண்டும். உண்ணாதவர் பி12-ஐயும் இரும்பையும் காக்க வேண்டும். இருவர் தட்டிலும் தவிடு நீங்காத தானியமும் பயறும் காயும் முதலிடம் பெற வேண்டும். இந்த வாரமே உங்கள் வீட்டுப் பெண்களை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். உணவில் என்ன மாற்ற வேண்டும் என்பதை அந்த எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள்.