ஒன்பது மணிக்குப் போடும் சார்ஜ்

குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன்பே ஆள்நடமாட்டம் தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதல். பட்டையைச் சீவினால் பால் தாராளமாக ஓடும். அதனால்தான் பால்வெட்டு இருட்டில் நடக்கிறது. கைகள் கத்தியில், வெளிச்சம் நெற்றியில். காலடியில் பாம்பு கிடக்கிறதா என்று பார்ப்பதும் அந்த ஹெட்லைட்டை நம்பித்தான்.

அதற்குள் இருப்பது பெரும்பாலும் லித்தியம்-அயான் செல். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். புதிதில் தோட்டம் முழுக்கச் சுற்றி வந்தாலும் எரிந்தது, ஒரு வருஷத்தில் பாதி வேலையிலேயே மங்குகிறது. சரக்கு மட்டம் என்கிறோம். இருக்கலாம். ஆனால் சார்ஜ் போடும் நேரமும் பல செல்களின் ஆயுளைக் குடிக்கிறது.

மதியம் வீடு திரும்பியதும் பிளக்கில் மாட்டிவிடுகிறோம். சாயங்காலத்துக்குள் நிறைந்துவிடும். பிறகு எட்டு, பத்து மணி நேரம் ஷீட் கூரையின் புழுக்கத்தில் நிறைந்தபடியே கிடக்கும். கெடுதல் அங்கேதான். முழுச் சார்ஜில், செல்லின் கிராஃபைட் பக்கம் லித்தியம் நெருக்கியடித்து நிற்கும். அங்கே எலெக்ட்ரோலைட் மெல்லச் சிதைந்து படலமாகப் படியும். அதில் சிக்கிய லித்தியம் மறுபடி மின்சாரத்துக்கு உதவாது. வெப்பம் இதை இன்னும் விரைவாக்கும். 40 டிகிரியில் ஓராண்டு முழுச் சார்ஜோடு கிடந்தால் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 40 சதவீதச் சார்ஜில் வைத்தால் அந்த இழப்பில் பாதிகூட வராது.

எனவே இரவு ஒன்பது மணிக்கு, படுக்கப்போகும்போது மாட்டுங்கள், எழுந்ததும் கழற்றுங்கள். நிறைந்த கையோடு விளக்கு வேலைக்குப் போகட்டும். மூன்று மணி நேர வெளிச்சம் போதுமென்றால் முழுக்க நிறைய விடவும் வேண்டாம். 4.2 வோல்ட்டுக்குப் பதில் 4.1-இல் நிறுத்தினால் ஆயுள் கிட்டத்தட்ட இரட்டிக்கும் என்பது பேட்டரித் தொழிலில் பழகிய கணக்கு. அடியோடு அணையும்வரை எரிப்பதும் ஆகாது. மழையில் நனைந்திருந்தால் முதலில் நன்றாகக் காயட்டும். செல் சூடாகிறது, வீங்குகிறது என்றால் அன்றோடு அதை விட்டுவிடுங்கள்.

விண்வெளியிலும் இதே பக்குவம்தான். புவிநிலைச் செயற்கைக்கோள் ஆண்டுக்கு இருமுறை, மார்ச், செப்டம்பரை ஒட்டி ஏறத்தாழ 45 நாள், தினமும் கொஞ்ச நேரம் பூமியின் நிழலுக்குள் போகும். அதிகபட்சம் 72 நிமிடம். அப்போதுதான் அதற்குப் பேட்டரி அவசியம். மற்ற மாதங்களில் லித்தியம்-அயான் பேட்டரியை நிறைக்காமல், குறைந்த சார்ஜில் வைத்திருப்பார்கள். பழுதானால் மாற்ற ஆளில்லாத இடத்தில் அது பதினைந்து ஆண்டு உழைக்க வேண்டுமே!

ரப்பருக்கும் ஒரு ஓய்வுக்காலம் உண்டு. தை, மாசியில் இலை உதிர்ந்து துளிர்க்கும்வரை கத்திக்கு வேலையில்லை. அந்த வாரங்களில் ஹெட்லைட்டைப் பாதிச் சார்ஜில் அணைத்து, அடுப்புச் சூடு எட்டாத இடத்தில் வையுங்கள். மறுபடி பால்வெட்டுத் தொடங்கும் முந்தின இரவு நிறைத்துக்கொள்ளலாம்.