பூனை கண்ணை மூடினால்...



"பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டு போகுமா?" என்று பெரியவர்கள் கேலியாகக் கேட்பார்கள். அந்தப் பூனை ஏன் கண்ணை மூடுகிறது என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா? நானும் கேட்டதில்லை. என் கையால் ஒரு உயிர் போன பிறகுதான் கேட்டேன். அந்தக் கதையையும், அதனால் நான் கற்றுக்கொண்டதையும் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

என் வீடு காசிமேடு. அம்மா விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து, தெருத் தெருவாக விற்பவர். அப்பாவுக்கு ஐஸ் உடைக்கும் வேலை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். மீன் இருக்கும் இடத்தில் பூனைக்குப் பஞ்சமா? எங்கள் வாசலில் சாம்பல் நிறக் குட்டி ஒன்று வளர்ந்தது. ஆறு மாசம் இருக்கும். போன மழைக்காலத்தில் ஒருநாள் அதன் உடம்பு அனலாய்க் கொதித்தது. வீட்டில் படித்தவன் நான்தானே! பாரசிட்டமால் மாத்திரையில் கால் பங்கை உடைத்து, மீன் துண்டில் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அதன் முகமும் பாதங்களும் வீங்கியிருந்தன. ஈறு சாக்லேட் நிறமாகியிருந்தது. மூச்சு வாங்கியது. தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். டாக்டர், "என்ன கொடுத்தே?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சொன்னேன். மதியத்துக்குள் குட்டி செத்துப்போச்சு.

ஏன் செத்தது?

டாக்டர் திட்டவில்லை, விளக்கினார். நம் கல்லீரல் பாரசிட்டமாலை ஒரு என்சைமின் உதவியால் தீங்கில்லாத பொருளாக மாற்றி வெளியேற்றிவிடும். பூனையின் உடம்பில் அந்த என்சைம் மிகக் குறைவு. அதனால் மருந்தே நச்சாகி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ஆக்ஸிஜனைச் சுமக்கும் சக்தியை அவை இழக்கின்றன. எங்கள் எலக்ட்ரிக்கல் பாஷையில் சொன்னால், சப்ளை இருக்கிறது, ஆனால் லைன் அறுந்துவிட்டது! இதற்கு விஷமுறிவு மருந்து உண்டு. ஆனால் சில மணி நேரத்துக்குள் போக வேண்டும். நான் ஒரு ராத்திரியைக் கோட்டைவிட்டிருந்தேன்.

சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தேன். வேறொரு பூனையோடு வந்திருந்த அக்கா ஒருவர், "அழாதே தம்பி. ஞாயித்துக்கிழமை எங்க காப்பகத்துக்கு வா. வந்து கத்துக்கோ" என்றார்.

விலங்குகளுக்கு அடைக்கலம் தருவது சென்னைக்குப் புதிதல்ல. 1959லேயே கேப்டன் வி.சுந்தரமும் உஷா சுந்தரமும் இங்கே புளூ கிராஸைத் தொடங்கினார்கள். நான் போவது புறநகரில் உள்ள வேறொரு சின்னக் காப்பகம். சுமார் நாற்பது பூனைகள்.

முதல் பாடம்: கழுவுவது

பூனையைக் கொஞ்சலாம் என்று போனவனுக்குத் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். பேன்லூக்கோபீனியா என்று ஒரு வைரஸ் நோய், குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருஷம்கூட உயிர்ப்போடு இருக்கும். பினாயிலை நம்பிப் பயனில்லை, பினாயில் பூனைக்கும் ஆகாது. முதலில் சோப்புத் தண்ணீரில் அழுக்கை நீக்க வேண்டும். பிறகு 1 பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் விட்டு, நன்றாக அலச வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பிளீச்சிங் வேலை செய்யாது. வரிசையும் முக்கியம்: முதலில் சின்னக் குட்டிகள், பிறகு ஆரோக்கியமான பெரிய பூனைகள், கடைசியில்தான் நோயாளிகள். இதை மாற்றினால் நோயை நாமே கையில் எடுத்துப்போய்க் கொடுத்ததாகிவிடும்.

இரண்டாம் பாடம்: சூடு, பிறகு பால்

தாயில்லாத குட்டிக்குப் பசியைவிடக் குளிர்தான் பெரிய எமன். வளர்ந்த பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். பிறந்த குட்டியால் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது, செரிக்காது. முதலில் கதகதப்பு, பிறகுதான் பால். அதுவும் மாட்டுப்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும். பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது. நம் குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைத்துப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற வைத்தே கொடுக்க வேண்டும். முதல் வாரத்தில் இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றுப் பக்கம் மெதுவாகத் துடைத்துவிட வேண்டும். தாய் நக்கிவிடாமல் அதற்குச் சிறுநீர்கூடப் போகத் தெரியாது.

ஒருநாள் நான் போனபோது குட்டிகள் பெட்டியின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நடுங்கிக்கொண்டிருந்தன. பல்பு பளிச்சென்று எரிந்தது! நிமிர்ந்து பார்த்தேன். பழைய பல்பு பியூஸ் போய், யாரோ 9 வாட் எல்.இ.டி. மாட்டியிருந்தார்கள். வெளிச்சம் இருந்தது, சூடு இல்லை. குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகிறது. நாம் வகுப்பில் 'இழப்பு' என்று எழுதுவதுதான் அங்கே உயிர். கடை கடையாய் அலைந்து 40 வாட் குண்டு பல்பு வாங்கி, கம்பி வலைக்குள் வைத்து, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் மாட்டினேன். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர இடம் வேண்டுமல்லவா? அரைமணி நேரத்தில் நடுக்கம் நின்றது. "உனக்கு எப்படிடா தெரியும்?" என்றார் அக்கா. "பாலிடெக்னிக்" என்றேன். படித்த படிப்பை நினைத்து நான் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்.

மூன்றாம் பாடம்: பூனையின் பாஷை

பூனை 'கர்ர்' என்று உறுமுவது சுமார் 25 முதல் 150 ஹெர்ட்ஸ். நம்ம வீட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதை நினைத்துப் பாருங்கள்! ஆனால் அது எப்போதும் சந்தோஷம் என்று நம்பிவிடாதீர்கள். வலியிலும் பூனை அப்படி உறுமும்.

இப்போது பழமொழிக்கு வருவோம். பூனை நம்மைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால், 'உன்னிடம் எனக்குப் பயமில்லை' என்று பொருள். இங்கிலாந்தில் ஆராய்ந்து 2020ல் வெளியிட்டார்கள்: மனிதன் அப்படிக் கண் சிமிட்டினால் பூனையும் பதிலுக்குச் சிமிட்டுகிறது, அவனிடம் நெருங்கியும் வருகிறது. கூண்டு மூலையில் சீறிக்கொண்டிருந்த ஒரு கறுப்புப் பூனைக்கு நான் மூன்று ஞாயிறு கண் சிமிட்டினேன். நாலாவது ஞாயிறு அது சிமிட்டியது. உலகம் இருளவில்லை நண்பர்களே, எனக்கு விடிந்தது!

நாம் செய்ய வேண்டியவை

1. மனித மாத்திரை எதையும் பூனைக்குக் கொடுக்காதீர்கள். வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தூக்கிக்கொண்டு போங்கள்.

2. தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்க்காதீர்கள். டாரின் என்ற சத்து பூனைக்கு இறைச்சி, மீனிலிருந்துதான் கிடைக்கும். அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும்.

3. ஐந்து மாதத்திலேயே பூனை சினையாகலாம். சினைக்காலம் சுமார் ஒன்பது வாரம்தான். கருத்தடைதான் வழி. சாக்கில் கட்டி மார்க்கெட்டில் விடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

4. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள்.

அப்பா முதலில், "படிக்க அனுப்பினா பூனைப் பீ அள்ளுறியாடா?" என்றுதான் கேட்டார். பூனை குறுக்கே வந்தால் வீட்டுக்குத் திரும்பி, தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர் அவர். இன்னும் முழுதாக மாறவில்லை. ஆனால் அம்மா மாறிவிட்டார். மீன் விற்கும் தெருக்களில் பூனை வளர்ப்பவர்களைப் பார்த்தால் கூடையை இறக்கி வைத்து, "நம்ம காய்ச்சல் மாத்திரைய அதுக்குக் குடுத்துடாதீங்கம்மா, செத்துடும்" என்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா, நான் கற்ற பாடத்தைத் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தச் சாம்பல் குட்டிக்கு நான் பட்ட கடனில் பாதியை அவர்தான் அடைக்கிறார்.

மீதிப் பாதிக்கு நான் ஞாயிறுதோறும் போகிறேன். நீங்களும் வாருங்களேன். துடைப்பம் நிறைய இருக்கிறது!

- மின்னியல் துறை, இரண்டாம் ஆண்டு மாணவன்