கூப்பிட்டதும் திரும்பி வரும் காவல் நாய்: தீனி கொடுத்துப் பழக்குவது எப்படி?

மறைமலைநகரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு தனிக் கவலை உண்டு. ஒரு பக்கம் ஜிஎஸ்டி சாலை, அதை ஒட்டியே சென்னை கடற்கரை - செங்கல்பட்டு ரயில் பாதை, உள்ளே தொழிற்பேட்டைக்குப் போய்வரும் லாரிகள். இவற்றுக்கு நடுவில்தான் இன்னமும் ஏரிப்பக்கம் ஆடு மேய்கிறது, கிணற்றுத் தண்ணீரில் நவரை நெல் விளைகிறது. பட்டியைக் காக்கும் நாய் இரவில் தெருநாய்க் கூட்டத்தை விரட்டிக்கொண்டு சாலைப் பக்கம் ஓடினால், அதைத் திருப்ப நம்மிடம் இருப்பது குரல் ஒன்றுதான். அது எடுபடாவிட்டால் விடிந்ததும் சாலையோரத்தில்தான் தேட வேண்டியிருக்கும்.

எந்நேரமும் கட்டிப்போடலாமே என்றால், கட்டிப்போட்ட நாய் குரைக்கும், பட்டியைக் காக்காது. அவிழ்த்துவிட வேண்டும், கூப்பிட்டால் வரவும் வேண்டும். இதைத் தீனி கொடுத்துப் பழக்கிவிடலாம். செலவு அதிகமில்லை, தினமும் ஐந்து நிமிடம் போதும்.

முன்பணம் வேண்டாம், கூலி கொடுங்கள்

"தட்டை எடுத்தாலே ஓடிவருகிறதே, இதில் பழக்க என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. தட்டைப் பார்த்து வரும் நாய், தட்டு இல்லாத இடத்தில் வராது. தீனியைக் கையில் காட்டிக் கூப்பிடுவது முன்பணம் கொடுப்பதைப் போன்றது. எதிரே ஒரு முயல் ஓடினால், அந்த முயல் நம் கையில் இருப்பதைவிடப் பெரியது என்று நாய் கணக்குப் போட்டுவிடும். அதனால் தீனி பையிலேயே இருக்கட்டும். முதலில் கூப்பிட வேண்டும். நாய் வந்து காலடியில் நின்றதும் அந்த நொடியே கொடுக்க வேண்டும். உள்ளே போய் எடுத்துவருவதற்குள் நாய் உட்கார்ந்திருக்கும், அல்லது நம் மேல் தாவியிருக்கும். கூலி அதற்குக் கிடைத்ததாகவே அது நினைத்துக்கொள்ளும்.

கூப்பிடும் சொல்லிலும் கவனம் தேவை. "வா" என்பதை நாள் முழுக்க ஆட்டிடமும் மாட்டிடமும் பிள்ளைகளிடமும் சொல்கிறோம். நாய்க்கு அது வெறும் இரைச்சல். வேறு எதற்கும் பயன்படுத்தாத ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். காற்றடிக்கும் வெளியில் விசில் இன்னும் நல்லது. யார் ஊதினாலும் ஒரே சத்தம்தான் வரும். தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் பெயர் கொண்ட ஊரில் பாதி நாய்களை "கம் ஹியர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாய்க்கு எந்த மொழியும் சம்மதம். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எந்தத் தீனி?

டீக்கடைப் பொறை வீட்டுக்குள் பழக்கும்போது போதும். வெளியில் அது எடுபடாது. வாசனையுள்ள தீனி வேண்டும். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி ஈரல் மலிவானது, வாசனையும் தூக்கலாக இருக்கும். கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கினால் கால் கிலோ பல நாள் வரும்; பிரிட்ஜில் வைத்து அன்றன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம். வேகவைத்த முட்டையும் சரி. கோவளம், மாமல்லபுரம் பக்கம் கருவாட்டைக் கொடுக்கத் தோன்றும். நாயும் அதற்கு உயிரை விடும். ஆனால் உப்பு அதிகம், வேண்டாம். பதிலாக முள் எடுத்த மீனை வேகவைத்துக் கொடுக்கலாம்.

மீந்த குழம்புக் கறியைக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு ஆகியவையும் ஆகாது. பழக்கும்போது கொடுக்கும் தீனி ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அந்த அளவைச் சோற்றில் குறைத்துக்கொள்ளுங்கள்.

பழக்கும் முறை

காலையில் சோறு வைப்பதற்கு முன், வெயில் ஏறுவதற்குள் தொடங்குங்கள். முதலில் வீட்டுக்குள், இரண்டடி தூரத்தில். பெயரையும் சொல்லையும் ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். வந்தால் தீனி. வராவிட்டால் திரும்பத் திரும்பக் கத்தாதீர்கள். பத்தாவது முறை வந்தால் போதும் என்று நாய் கற்றுக்கொள்ளும். தூரம் அதிகம் என்று அர்த்தம், பக்கத்தில் போய் மறுபடி கூப்பிடுங்கள்.

பத்துக்கு ஒன்பது தடவை வந்தால் வாசலுக்குப் போகலாம், பிறகு வயல், அதன்பின் ஆடுகள் இருக்கும் இடம். வெளியில் முப்பதடி நீளக் கயிறு கட்டாயம். அதை மார்புப் பட்டையில் கட்டுங்கள். கழுத்தில் கட்டினால் ஓடி இழுக்கும்போது அடிபடும். கயிறு நாயை இழுத்துவர அல்ல, ஓடிவிடாமல் இருக்க மட்டும். நன்றாகப் பழகிய பின் ஒவ்வொரு முறையும் தீனி தேவையில்லை. சில முறை தீனி, சில முறை தட்டிக்கொடுத்தல் என்று மாற்றிக் கொடுத்தால், இந்த முறை கிடைக்குமோ என்ற ஆவலிலேயே வரும்.

பழக்கத்தைக் கெடுப்பது நாம்தான்

நிறையப் பேரின் நாய் வராமல் போவதற்குக் காரணம் ஒன்றுதான்: சங்கிலியில் கட்டவும் குளிப்பாட்டவும் மட்டுமே கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் சுதந்திரம் போய்விடும் என்று தெரிந்த நாய் ஏன் வரும்? பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை தீனி கொடுத்து, கழுத்துப் பட்டையைத் தொட்டுவிட்டு, மறுபடி ஓடவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து வந்தாலும் அடிக்காதீர்கள். ஓடியதற்கு அடித்தோம் என்று நமக்குத்தான் தெரியும். வந்ததற்கு அடி விழுந்தது என்றுதான் நாய் புரிந்துகொள்ளும்.

இனத்தையும் பாருங்கள். சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் பார்வையால் துரத்த வளர்க்கப்பட்டவை. முயல் ஓடத் தொடங்கிய பிறகு காது அடைத்துவிடும். நாய் பார்த்து நின்ற அந்த நொடியிலேயே கூப்பிட வேண்டும். காப்புக்காட்டை ஒட்டிய நிலத்தில் கயிறு இல்லாமல் விடாதீர்கள். முயல் வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. குட்டி வாங்கும்போது அதன் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். காது கேட்காத நாயையும் கையசைப்புக்கோ டார்ச் வெளிச்சத்துக்கோ இதே தீனியால் பழக்கலாம். தீனி, நோய், தடுப்பூசி பற்றிய சந்தேகங்களை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள்.

பழக்கி முடிப்பதற்குள்ளேயே நாய் சாலைப் பக்கம் ஓடிவிட்டால் பின்னால் துரத்தாதீர்கள், அது விளையாட்டு என்று நினைத்து இன்னும் ஓடும். பெயரைச் சொல்லிக்கொண்டே எதிர்ப்பக்கம் ஓடுங்கள், அல்லது தரையில் குந்தி உட்காருங்கள். பெரும்பாலான நாய்கள் என்னவென்று பார்க்கத் திரும்பி வரும். வந்ததும் பையில் இருக்கும் ஈரல் முழுவதையும் கொடுத்துவிடுங்கள்.