தயிர்சாதமும் எரிவது ஏன்?

வெறும் தயிர்சாதம்கூடச் சிலருக்கு நாக்கில் எரிகிறது. ஏன்?

வாயின் உட்புறச் செல்கள் சில நாட்களிலேயே உதிர்ந்து, புதியவை உருவாகின்றன. இந்த ஓயாத உற்பத்திக்கு வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம், இரும்புச்சத்து ஆகியவை தேவை. இவை குறைந்தால் நாக்கின் மேலுள்ள நுண்ணிய மொட்டுகள் தேய்ந்து, நாக்கு சிவந்து வழவழப்பாகி எரியும். ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமின் குறைந்தால் வாயோரம் வெடிக்கும்.

மருந்துகளும் காரணமாகலாம். முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட், ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பதால் வாய்ப்புண் வரலாம். அதனால்தான் மருத்துவர்கள் ஃபோலிக் அமில மாத்திரையையும் சேர்த்து எழுதுகிறார்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவோருக்கு பி12 குறையலாம். ஆஸ்துமா இன்ஹேலரின் ஸ்டீராய்டு வாயில் தங்கினால் கேண்டிடா பூஞ்சை வளரலாம்; மருந்தை உள்ளிழுத்தவுடன் வாய் கொப்பளித்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

எரிகிறதே என்று மாத்திரையை நாமாகவே நிறுத்தக் கூடாது. 3 வாரமாகியும் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.